ஆடியில் போடாத கையெழுத்து

அக்கா மகளுக்கு இதயத்தில் ஓட்டை என்று கிள்ளான் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னார். அதை அக்காவுக்குத் தமிழில் சொன்னவள் நான். எங்கள் வீட்டில் இடைநிலைப் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த முதல் ஆள் நான்தான். ஆஸ்பத்திரி, போலீஸ் நிலையம் என்று எங்கே போனாலும் என்னைக் கூட்டிப்போவார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. அன்று மட்டும் அந்த இடத்தில் வேறு யாராவது இருந்திருக்கலாமே என்று தோன்றியது.

குழந்தைக்கு ஒன்றரை வயது. அழுதால் உதடு நீலமாகிவிடும். அவளை அழவிடாமல் பார்த்துக்கொள்வதே அக்காவின் முழுநேர வேலை. அறுவை சிகிச்சைக்கு வேறிடம் அனுப்ப வேண்டும், செலவு பெரிது என்றார் டாக்டர். குழந்தையின் அப்பாவுக்கு அரசாங்க வேலை என்று தெரிந்ததும் அவர் முகம் தெளிந்தது. இலாகாவிலிருந்து கடிதம் கொண்டுவந்தால் நாங்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லையாம்.

அத்தான் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில் தண்டவாளம் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். மனைவி பிள்ளைகளுக்கு வைத்தியம் இலவசம் என்று வரன் பார்த்தபோதே தரகர் சொல்லியிருந்தார். அம்மா அக்காவைக் கொடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அத்தானின் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே தலைமை எழுத்தரான பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். கல்யாணப் பதிவுப் பத்திரம் கேட்டார். அத்தான் பையிலிருந்து கல்யாண ஆல்பத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கோயில்ல ஐயர் வச்சி நடந்தது சார். பந்தி மூனு தடவ போட்டோம்."

"அது சரி தம்பி. புதுச் சட்டம் வந்த பிறகு, பதியாத கல்யாணம் கணக்கில வராது. அப்ப மனுசியும் பிள்ளையும் உங்கட குடும்பத்தில வராயினம்."

அக்கா தாலியை வெளியே எடுத்துக் காட்டினாள்.

கிராணி தலையைக் குனிந்துகொண்டார். "நான் நம்புறன் பிள்ளை. நான் நம்பி என்ன செய்யிறது? கெதியாப் போய்ப் பதிஞ்சிட்டு வாங்கோ. கடிதத்தை நானே நிண்டு வாங்கித் தாறன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா கேட்டாள்.

"அப்ப எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலயா?"

"கவர்மெண்டு கணக்குல ஆகல. அங்க போயி கையெழுத்து போட்டாத்தான் கல்யாணம்."

சட்டத்தை அவளுக்குப் புரியும்படி, பிசகில்லாமல் விளக்கினேன்.

பதிவு அலுவலகத்தில் இருவர் பெயரையும் பலகையில் ஒட்டினார்கள். சில வாரம் அது அங்கே இருக்க வேண்டும், அதன் பிறகே பதிவு. அவர்கள் கொடுத்த தேதி ஆடியில் விழுந்தது.

"ஆடியில வேணாம். தள்ளிக் கேளு," என்றாள் அக்கா.

"வெறும் கையெழுத்துதான் லா அக்கா."

"நீதானடி சொன்ன, இதுதான் கல்யாணம்னு? ஆடியில பண்ணி அவருக்கு ஒன்னு ஆச்சுன்னா, யார் வேலைய வச்சி புள்ளய காப்பாத்தறது?"



"கட்டுன பொண்டாட்டிய மறுபடி கட்டறதுக்கு மாசம் வேற பாக்கணுமா?" என்றார் அத்தான். "அப்ப சீரும் ரெண்டாவது தடவ வருமா அத்தை?"

அம்மா சிரிக்கவில்லை. அவளும் அக்கா பக்கம்தான். குழந்தை அப்போது நன்றாகத்தான் இருந்தாள், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஆவணியில் ஒரு தேதி கிடைத்தது.

ஆடி முடிவதற்குள் குழந்தை போய்விட்டாள். காலையில் காய்ச்சல், பால் குடிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், டாக்சியில், அக்கா மடியில். அன்று அவள் அழவேயில்லை. அக்கா அவளிடம் ஏதோ பேசிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் டாக்சி நின்ற பிறகும் பேசிக்கொண்டிருந்தாள்.

துக்கம் கேட்க வந்த ஒருத்தி, "மாசம் பாக்காம போயிருக்கலாம்," என்றாள். அக்காவுக்குக் கேட்டது. அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

ஆவணித் தேதி வந்தது. போக மாட்டார்கள் என்றே நினைத்திருந்தேன். அக்கா குளித்து, சேலை கட்டி, வாசலில் நின்றாள்.

"இனிமே எதுக்கு அக்கா?"

"அவரு எங்க? வரச் சொல்லு."

பதிவு அலுவலகத்தில் மலாய்க்கார அதிகாரி, நடுத்தர வயதுப் பெண், கனிவாகப் பேசினார். கோயிலில் கட்டியவர்கள் இப்படித் தாமதமாக வருவது அவருக்குப் பழக்கம் போலிருக்கிறது. பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் அக்காவே, சந்தையில் பேசிப் பழகிய தன் பாசார் மலாயில், ஒரு பெண் குழந்தை என்று சொன்னாள். அவளுக்காகத்தான் பதிய வந்தோம் என்றாள்.

"நல்லது செய்தீர்கள். இனி அவளுக்கு ஆஸ்பத்திரிக் கவலை இல்லை," என்றார் அதிகாரி.

அக்கா ஆமாம் என்று தலையசைத்தாள். பேனாவை வாங்கி, தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். அத்தான் அவளுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி தன் முறைக்காக நின்றுகொண்டிருந்தார்.