அலையா, வேகத்தடையா?

படகைக் கவிழ்த்தது என் தங்கச்சி வீட்டுக்காரர்தான். ராஜபாளையத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறவர். குடும்பத்தோடு கடலுக்குப் போனபோது, படகுக்காரரிடம் கெஞ்சி படகைத் திருப்பும் இன்ஜின் கைப்பிடியை வாங்கினார்.

கரையோரம் பெரிய அலை வந்தது. "அண்ணாச்சி, முன்பக்கத்த அலைக்கு நேரா வையுங்க!" என்று படகுக்காரர் கத்தினார்.

"சும்மா இரும்யா. ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டுல எம்புட்டு வேகத்தடை பார்த்திருக்கேன்! வண்டியச் சாய்ச்சு ஏத்தினாத்தான் அடி தட்டாது" என்று இவர் படகைத் திருப்பினார். அலை பக்கவாட்டில் அடித்தது. இடுப்பளவு தண்ணீரில் எல்லோரும் விழுந்தோம்.

எழுந்ததும் அவர் என்னைக் காட்டி, "மச்சான் எந்திரிச்சு நின்னாரு, அதான் கவுந்துருச்சு" என்றார். நானோ அலை அடித்தபோது பலகையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்ன கதை பரவி, இப்போது மம்சாபுரத்துச் சொந்தக்காரர்கள்கூட என்னை ஆட்டோவில் ஏற்றப் பயப்படுகிறார்கள்.

அடுத்து வருகிற சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் அவர் மைக்கைப் பிடித்துச் சொல்லட்டும்: கைப்பிடி யார் கையில் இருந்தது?