பத்து நாள் கழித்து வந்து வாங்கிக்கொள்ளவும்

அந்த ஆலை நகரத்தின் ஆவணக் காப்பகத்தில், இரண்டாம் மாடியில், இழுத்தால் பாதியில் சிக்கிக்கொள்ளும் இழுப்பறை ஒன்று இருக்கிறது. உள்ளே முப்பத்தொரு புகைப்படங்கள். எல்லாரும் கொலைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்ற பெண்கள். பார்க்க வருகிறவர்கள் முதலில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான் உட்காருவார்கள். நாலாவது படம் தாண்டுவதற்குள், "என்னங்க இது, எல்லாரும் இவ்வளவு லட்சணமா இருக்காங்க!" என்று வாய் பிளப்பார்கள். பஞ்சாலையின் ஈரக்காற்று சருமத்துக்கு நல்லது என்று ஒரு பேராசிரியர் நாற்பது பக்கம் எழுதியே விட்டார். ஈரக்காற்றும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எல்லாம் பென்சிலக்காவின் கைவேலை.

பென்சிலக்கா என்பது ஆலைப் பெண்கள் வைத்த பெயர். மூன்றாம் ஆலையின் வாசலுக்கு நேரெதிரே அவள் ஸ்டூடியோ இருந்தது. அவள் புருஷன் ஆசை ஆசையாகக் காமிராவை வாங்கி வைத்துவிட்டு, அதன் துணி உறையைச் சரியாக மாட்டக் கற்றுக்கொள்வதற்குள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். இவள் தானாகவே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டாள். படம் எடுப்பதில் அவள் சுமார்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடி நெகட்டிவின் மேல் ஊசி போல் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொட்டு முகத்தைத் திருத்துவதில்தான் கெட்டிக்காரி. அம்மைத் தழும்பு போகும், கண்ணுக்குக் கீழே இருக்கும் பை போகும், பத்து வயது போகும். ஷிப்டு முடிந்து பஞ்சு படிந்த தலையோடு வருகிற பெண்கள் படத்தைப் பார்த்து, "இது நானாக்கா?" என்பார்கள். "நல்லாத் தூங்கினா நீ இப்படித்தான் இருப்பே" என்பாள் பென்சிலக்கா. வந்த முகத்தோடு யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்பது அவள் கொள்கை.

பெண் கைதிகளைப் பெண்தான் படமெடுக்க வேண்டும் என்று ஒரு வருஷம் அரசாங்கம் சட்டம் போட்டது. நகரத்தில் காமிரா வைத்திருந்த ஒரே பெண் இவள். உடனே ஸ்டூடியோ பலகையில் 'அரசாங்கப் புகைப்பட நிபுணர்' என்று சிவப்பில் எழுதச் சொன்னாள். தினமும் காலையில் கடையைத் திறந்ததும் எதிர்ச்சாரிக்குப் போய் நின்று அதை ஒரு தரம் வாசித்துவிட்டு வந்தால்தான் அவளுக்கு வேலை ஓடும்.

சிறைக்குப் போனாலும் அவளுக்கு அது ஸ்டூடியோதான். "மோவாயைக் கொஞ்சம் எறக்கும்மா. தோளைத் தளர்த்து. யாரும் உன்னை ஒண்ணும் பண்ணப் போறதில்லை" என்பாள், தூக்குத் தண்டனை குறைந்து ஆயுளானவளைப் பார்த்து. எண் எழுதிய சிலேட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தால் கழுத்து குட்டையாகத் தெரிகிறது என்று இடுப்புக்கு இறக்குவாள். படம் எடுக்கிற நாளில் கைதிகள் விடியும் முன்பே தலைவாரி வரிசையில் நிற்பார்கள். நடுவில் வார்டரம்மாவும் வந்து ஒன்று எடுத்துக்கொள்வாள். எடுத்து முடித்ததும், பதினெட்டு வருஷப் பழக்கத்தில், எல்லாரிடமும் ஒரே வாக்கியம்: "பத்து நாள் கழிச்சு வந்து வாங்கிக்குங்க."

ஆயுள் தண்டனைக்காரிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். தான் என்ன சொல்கிறோம் என்று பென்சிலக்காவின் காதில் ஒருநாளும் விழுந்ததில்லை.

இருபத்தேழாம் எண்காரி மட்டும் சிரிக்கவில்லை.

அவளுக்குச் சிறையில் 'இஸ்திரி' என்று பெயர். வயது ஐம்பத்துநாலு. புருஷனின் அண்ணனை இஸ்திரிப் பெட்டியால் அடித்துக் கொன்றவள். காரணம் தீர்ப்பில் நாலு பக்கத்துக்கு இருந்தது. அவளைக் கேட்டால், "அன்னைக்குக் கையில அதுதான் இருந்துச்சு" என்பாள். அவளைச் சிறையின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் வேலைக்கே வைத்தார்கள். அரசாங்கத்து மூளையே மூளை! ஆலையில் தறியிலிருந்து தெறித்த நாடாக்கட்டை கிழித்த தழும்பு ஒன்று அவள் இடது புருவத்திலிருந்து தாடை வரை ஓடியது. மூக்கோரம் ஒரு மரு. முன்பல் ஒன்று கிடையாது.

"நெசமாத்தான் சொல்றீங்களாக்கா, பத்து நாள்ல கிடைக்குமா?" என்று கேட்டாள், பென்சிலக்காவைவிட ஒன்பது வயது மூத்தவள்.

"நான் சொன்னா சொன்னதுதான்."

"ஒண்ணே ஒண்ணு போதும். என் மக அடுத்த மாசம் புருஷனோட கப்பலேறிப் போறா. கையில குடுத்தனுப்ப என்கிட்ட வேற ஒண்ணும் இல்லை."

"கட்டாயம்" என்று சொல்லிக்கொண்டே பென்சிலக்கா காமிராவை மடக்கினாள். ஸ்டூடியோவுக்குப் போய் இரண்டு நாள் உட்கார்ந்து தழும்பை அழித்தாள், மருவை அழித்தாள், பல்லை முளைக்க வைத்தாள். தாடைக்குக் கீழே கொஞ்சம் நிழல் கொடுத்ததில் ஐம்பத்துநாலு முப்பதாயிற்று. சிறைக்கு ஒரு பிரதி போனது. மகளுக்கான பிரதியைச் சுத்தமாக மறந்துபோனாள்.

இருபத்தோராம் நாள் இஸ்திரி சலவை வண்டியில், மூட்டைகளுக்கு அடியில் படுத்து, வெளியே போய்விட்டாள்.

போலீஸ் அந்தப் படத்தை வைத்து நானூறு சுவரொட்டி அடித்தது. 'தேடப்படுகிறார். வயது 54. இடது கன்னத்தில் நீண்ட தழும்பு.' மேலே, பளிங்கு போன்ற கன்னத்தோடு ஒரு மகராசி. படமா பொய் சொல்லும், எழுத்தர்தான் உளறியிருப்பார் என்று போலீஸ் முடிவு கட்டியது. முதல் நாளே பாதிச் சுவரொட்டிகளைக் காணோம். கல்யாணமாகாத ஆலைப் பையன்கள் பசை காய்வதற்குள் உரித்துக்கொண்டு போயிருந்தார்கள். இரண்டாம் நாள் ஒரு நாடக நடிகையைப் பிடித்தார்கள். மூன்றாம் நாள் ரயில் நிலையத்தில் வைத்துச் சிறை சூப்பரிண்டெண்டின் மச்சினியையே பிடித்தார்கள். அவள் பிடித்ததற்குக்கூடக் கோபப்படவில்லை. ஐம்பத்துநாலு என்று போட்டதற்குத்தான் ஊரைக் கூட்டினாள்.

சூப்பரிண்டெண்டு பென்சிலக்காவை வரவழைத்தார்.

"இந்தப் படத்துல இருக்கிறது யாரும்மா?"

"இருபத்தேழு சார்."

"தழும்பு எங்கே?"

"அழிச்சுட்டேன் சார். நல்லாவா இருந்துச்சு?"

சூப்பரிண்டெண்டு தலையில் அடித்துக்கொண்டார். பென்சில் பூச்சைத் துடைத்துவிட்டு, நாளை மாலைக்குள் உள்ள முகத்தை உள்ளபடி அச்சுப் போட்டுக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் பலகையிலிருந்து 'அரசாங்க'த்தைச் சுரண்டிவிடுவேன் என்றார். பலகை போனால் போகிறது என்று சொல்லப் பென்சிலக்காவுக்கு மனசு வரவில்லை. ஆனால் தொட்ட முகத்தைத் திரும்பக் கெடுப்பது பெற்ற பிள்ளையை அடிப்பது மாதிரி இருந்தது.

மறுநாள் மத்தியானம், பூச்சை அழிக்கும் டர்பன்டைன் புட்டியை முன்னால் வைத்துக்கொண்டு திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி உள்ளே வந்தாள். தழும்பு, மரு, ஓட்டைப் பல். உடம்பெல்லாம் கரித்தூள்.

"பத்து நாள்னு சொன்னீங்களேக்கா. இருபது நாள் பொறுத்துப் பார்த்தேன். கொண்டாந்து குடுப்பீங்கன்னு பார்த்தா ஆளையே காணோம். அதான் வந்து வாங்கிக்கலாம்னு வந்தேன்."

பென்சிலக்கா எழுந்து ஓடிக் கதவைச் சாத்தினாள். "அடிப்பாவி, அதுக்காகவா தப்பிச்சு வந்தே?"

"நீங்கதானே வரச் சொன்னீங்க?"

பதினெட்டு வருஷமாகச் சொல்லி வந்த வாக்கியம் அப்போதுதான் பென்சிலக்காவின் காதில் விழுந்தது. சிறையில் இருபத்தேழு பேரிடம் சொல்லியிருக்கிறோம், ஒருத்தியாவது வர முடியுமா என்று யோசித்தோமா என்று நினைத்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது.

"நாலு நாள் கரிக்கொட்டாயில ஒளிஞ்சு கிடந்தேன்" என்றாள் இஸ்திரி. "இன்னைக்குத்தான் சுவத்துல படத்தைப் பார்த்தேன். கீழே நின்ன போலீஸ்காரர்கிட்டயே, யாருப்பா இந்தப் பொண்ணுன்னு கேட்டேன். போ பெரியம்மா, வழியை விடுன்னாரு."

பென்சிலக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கடையில் கிடந்த, சுவரொட்டி எழுத்தில்லாத நல்ல பிரதி ஒன்றை எடுத்து நீட்டினாள். இஸ்திரி அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கா. ஆனா யாரோ இவ."

"நீதான்டி."

"தழும்பு எங்கேக்கா? என் மக கைக்குழந்தையில இந்தத் தழும்பு மேல விரலை வச்சு ஓட்டிக்கிட்டேதான் தூங்குவா. இதை வச்சுக்கிட்டு அவ எதைத் தடவுவா?"

பென்சிலக்கா புட்டியைத் திறந்தாள். டர்பன்டைனைப் பஞ்சில் நனைத்தாள். இரண்டு நாள் உழைப்பு இரண்டு நிமிஷத்தில் பஞ்சோடு கறுப்பாக வந்தது. முதலில் தழும்பு வந்தது. பிறகு மரு, கண்ணோரச் சுருக்கம், ஓட்டைப் பல். இருட்டறையிலிருந்து ஈரப் பிரதிகள் இரண்டை அவள் கொண்டுவந்தபோது இஸ்திரி கைகொட்டினாள். "ஆங்! இந்த மூஞ்சிதான்!"

கப்பல் மறுநாள் காலை. "நீயே கொண்டுபோய்க் குடேன்" என்றாள் பென்சிலக்கா.

"நான் போய் நின்னா அவ ஏற மாட்டாக்கா. அவ ஏறணும். நீங்க குடுத்துடுங்க. நான் உள்ளே போறேன், இஸ்திரி போட வேண்டியது மலையாக் கிடக்கும்."

இருவருமாகச் சிறை வாசலுக்கு நடந்தார்கள். காவலாளி வழிமறித்தான்.

"யாரும்மா நீ?"

"இருபத்தேழுப்பா. தேடுறீங்களே."

காவலாளி சுவரொட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "வெளையாடுறியா? கண்ணாடியில மூஞ்சியைப் பார்த்திருக்கியா?"

"உள்ள கண்ணாடி எங்கப்பா குடுக்கிறீங்க?"

"போம்மா அந்தப் பக்கம்! கண்டவங்களையெல்லாம் உள்ளே விட முடியாது."

அவள் கத்தினாள், இவன் கத்தினான். கடைசியில் பென்சிலக்கா காயாத பிரதியை நீட்டி, "அரசாங்கப் புகைப்பட நிபுணர் சொல்றேன், இவதான் அவ" என்று குரல் உயர்த்திய பிறகுதான் கதவு திறந்தது. அந்தப் பட்டத்தை அவள் சொல்லிக்கொண்டது அதுவே கடைசி. அரசாங்க நெகட்டிவிலிருந்து இன்னொரு பிரதி எடுத்ததைத் தானே ஒப்புக்கொண்டாள். அதை ஒப்படைக்கச் சொன்னபோது முடியாது என்றாள். மறுநாள் சூப்பரிண்டெண்டு பலகையைச் சுரண்டிவிட்டார். ஆனாலும் படமெடுக்க வேறு பெண் இல்லாததால் அவளையேதான் கூப்பிட வேண்டியிருந்தது.

பலகையைச் சுரண்டியபோது பென்சிலக்கா கடையில் இல்லை. துறைமுகத்தில், மூட்டைகளுக்கும் பெட்டிகளுக்கும் நடுவே ஒவ்வொரு பெண்ணின் முகமாகத் தேடிக்கொண்டிருந்தாள். கடைசியில் அதே புருவம், அதே தாடை. தழும்பு மட்டும் இல்லை. படத்தைக் கொடுத்தாள். அந்தப் பெண் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு வாங்கினாள். ஆள்காட்டி விரலைப் படத்தின் புருவத்தில் வைத்து, மெல்லத் தாடை வரை இழுத்தாள். பிறகு கப்பலேறிப் போனாள்.

இன்றைக்கும் அந்த இழுப்பறையில் இருபத்தேழாம் படம் வந்தால் பார்வையாளர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, "இவ ஒருத்திதான் நெசமாவே கொலை பண்ணியிருப்பா போல" என்பார்கள். யாரும் படங்களைத் திருப்பிப் பார்ப்பதில்லை. திருப்பினால் ஒவ்வொன்றின் பின்னாலும் ஊசிப் பென்சிலில் பொடி எழுத்து இருக்கும். இருபத்தெட்டிலிருந்து முப்பத்தொன்று வரை: 'பத்தாம் நாள். அம்மாவிடம் கொடுத்தாச்சு.' 'பத்தாம் நாள். தங்கச்சியிடம் கொடுத்தாச்சு.' ஒன்றிலிருந்து இருபத்தாறு வரை, எல்லாவற்றிலும் ஒரே மாதிரி தொடங்கும்: 'பத்து நாள் என்று சொல்லி ரொம்ப நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். தேடிப்போய்க் கொடுத்தாச்சு.'