மாப்பிள்ளை வீட்டாரின் மரபணு விசாரணை

போரால் யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருந்த காலம். அத்தான் அங்கே அகப்பட்டுக்கொள்ள, அக்கா கைக்குழந்தையோடு கொழும்பில், வெள்ளவத்தையில் எங்கள் வாடகை வீட்டில் இருந்தா. பிள்ளைக்குத் தலை வயதுக்கு மீறிப் பெருத்திருந்தது. மூளையில் தேங்கிய நீரை வயிற்றுக்கு இறக்கக் குழாய் வைத்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தங்கச்சிக்குக் கனடா மாப்பிள்ளை ஒருவரின் சாதகம் பொருந்தியது. பெண் பார்க்க அவருடைய மாமி கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தா. பிள்ளையை அறைக்குள் வைத்திருக்கும்படி அம்மா அக்காவுக்குச் சொல்லியிருந்தா. ஆனால் அழுகையை யார் பூட்டி வைப்பது?

மாமி வடையைக் கடித்தபடி என்னைப் பார்த்தா. "தலை பெருத்த பிள்ளை எண்டு கேள்விப்பட்டனான். இது ஆற்ற பக்கத்தால வந்தது தம்பி, தாயோ தகப்பனோ?"

வீட்டில் புத்தகம் வாசிக்கிறவன் நான். சும்மா இருப்பேனா? மூளைக்குள் ஓயாமல் நீர் ஊறும், ஒடுங்கிய ஒரு வழியால் வடியும் என்றேன். வழி அடைபட்டால் தேங்கும். கைக்குழந்தையின் மண்டை எலும்புகள் இன்னும் ஒட்டாததால் தலை விரியும். சில குடும்பங்களில் காரணம் எக்ஸ் நிறமூர்த்தம் என்கிற குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவின் பழுது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஒன்று பழுதென்றாலும் மற்றது சமாளிக்கும். ஆணுக்கு உள்ளதே ஒன்று. அதை வைத்துக்கொண்டுதான் நாங்கள் மீசை முறுக்குகிறோம். கன பேருக்குக் காரணமே தெரிவதில்லை, இவனுக்கும் டொக்டர்மாருக்குத் தெரியவில்லை என்றும் சொன்னேன்.

கடைசி வசனம் மாமியின் காதில் ஏறவில்லை. விரல் எண்ணெயை எங்கள் கதிரைத் துணியில் துடைத்தா.

"அப்ப பெட்டையளெண்டாப் பிரச்சினை இல்லை. ஸ்கான் பண்ணிப் பாத்து, பெடியனெண்டா..." கையை உதறினா. "கனடாவில அதெல்லாம் லேசு."

அதைவிடக் கேவலம், அம்மா தலையாட்டிக்கொண்டிருந்தா.

இடுக்கு விட்டுச் சாத்தியிருந்த அறைக்கதவு திறந்தது. பட்டுச்சேலையோடு தங்கச்சி, அவள் தோளில் பிள்ளை.

"இவனைத்தானே மாமி உதறினனீங்கள்? வடிவாப் பாத்திட்டுப் போங்கோ."

"யோசிச்சுக் கதை பிள்ளை. பெடியனுக்கு அங்க நிரந்தரமா இருக்கப் பேப்பர் கிடைச்சிட்டுது."

"யோசிச்சனான் மாமி. கதவுக்குப் பின்னால நிண்டுதான்."

மாமி போனபின் அம்மா ஒப்பாரியைத் தொடங்கினா. தங்கச்சி என்னை யன்னலடிக்கு இழுத்தாள்.

"அண்ணா, அந்தப் பழுது எனக்கும் இருக்குமோ?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"இதுக்கோ இவ்வளவு வாசிச்சனீ?" என்றாள். பிறகு, "அவனைப் பிடி, தலையைத் தாங்கிப் பிடி" என்று பிள்ளையை என் கையில் தந்துவிட்டுச் சேலையை மாற்றப் போனாள்.