எஞ்சின் நின்ற பிறகும்

பிள்ளைகளே, சாப்பிடும்போது நான் இடது கை விரல்களைத் தாடைக்குக் கீழே வைத்து நாடி பார்ப்பதை நீங்கள் இருவரும் கண்டும் காணாததுபோல் இருப்பது எனக்குத் தெரியும். தம்பி, நீ எழுந்து போய் ரீவியின் சத்தத்தைக் குறைக்கிறாய். மகள், உன்னுடைய றிசல்ட் வந்த அன்றும் அதை முதலில் அம்மாவின் காதில்தான் சொன்னாய். நல்ல செய்தியும் அப்பாவின் நெஞ்சுக்கு ஆகாது என்று நினைத்தாயோ என்னவோ. நான் ஓ.எல். சோதனை வரைக்கும் படிக்காதவன், எழுதிப் பழக்கமில்லை. ஆனால் வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் நெஞ்சில் கை வைத்துவிடுவேன், நீங்கள் பயந்துவிடுவீர்கள். எழுதுகிற கையை நெஞ்சில் வைக்க முடியாது அல்லவா, அதனால் எழுதுகிறேன்.

என் வருத்தம், இந்த நெஞ்சு நோய், பொய்யில்லை. அதை முதலில் சொல்லவேண்டும். இருதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. சாத்தியும் சாத்தாத கதவுபோல அது கிடப்பதால் கொஞ்ச இரத்தம் பின்பக்கமாகத் திரும்பி வருகிறது என்று கிளினிக் டொக்டர் ஸ்கானில் காட்டினார். அதனால் துடிப்பு இடைக்கிடை தப்புமாம். தப்பினால் பயப்பட வேண்டாம், தந்த குளிசை மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் போதும் என்றார். பிறகு கதிரையை என் பக்கம் இழுத்துப்போட்டு, "வியர்த்து, மூச்சு முட்டி, தலையும் சுத்தினால் மட்டும் பிந்தாமல் வாங்கோ" என்றார்.

அந்த ஒரு வசனம்தான் என்னைக் குழப்பியது. பயம் வந்தாலும் எனக்கு வியர்க்கும். பயம் வந்தாலும் மூச்சு முட்டும், தலை சுற்றும். துடிப்பு ஒன்று தப்பினால் பயம் வருகிறது, பயம் வந்தால் டொக்டர் சொன்ன எல்லாமே வரிசையாக வந்து நிற்கின்றன. அப்போது நான் பிந்தாமல் போகவேண்டியவனா, பேசாமல் இருக்கவேண்டியவனா? வவுனியாவில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்த் திரும்பி வரும்போது வழியில் முருங்கனில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, பட்டுச் சாறியோடு அம்மாவையும் உங்களையும் இறக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் போனேனே, அது இதனால்தான். அங்கே வயர்களை ஒட்டிப் பார்த்துவிட்டு, பழைய வருத்தம்தான், புதிதாக ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். வெளியே வந்ததும் நெஞ்சு அமைதியாகிவிட்டது. அது எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது. திரும்பி வரும் வழி முழுக்க அம்மா செபமாலையை உருட்டிக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு நான் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகவில்லை. உங்கள் மாமா சம்பளத்துக்கு ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு எங்கள் போட்டைக் கொண்டுபோனார். கச்சான் காற்றுக் காலம் முடியப்போகும் நாட்களில் ஒருநாள் அவர் வந்து வாசலில் நின்றார். உள்ளே வந்து இருக்கவில்லை. தன் அக்காவான உங்கள் அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயமோ தெரியாது.

"அத்தான், நான் கோபத்தில கேக்கேல்லை. நீங்கள் இனி வாற ஆளோ, வராத ஆளோ? வாடைக் காத்து துவங்க முன்னம் எனக்குத் தெரியவேணும். இல்லாட்டி நிரந்தரமா ஒருத்தனைப் பிடிக்கவேணும்."

நான் அம்மாவைப் பார்த்தேன். கடலுக்குப் போகவேண்டாமென்று டொக்டர் சொன்னவரா என்று அம்மா கேட்டார். இல்லை, தனியப் போகவேண்டாம், பாரம் இழுக்கவேண்டாம் என்றுதான் சொன்னவர் என்றேன். "அப்ப ஆர் உங்களை மறிச்சது?" என்றார் அம்மா. நாளைக்கு வாறன் என்று மாமாவிடம் சொன்னேன். போய்ப் பார்த்தால்தானே நான் இனி யார் என்று தெரியும்.

விடிய வெளிக்கிட்டோம். வழக்கம்போலக் கடல் தண்ணீரைத் தொட்டுச் சிலுவை அடையாளம் போட்டேன். முன்பெல்லாம் பின்னுக்கு இருந்து போட்டைத் திருப்பும் எஞ்சின் பிடி என் கையில்தான் இருக்கும். அன்று மாமா என்னை நடுப் பலகையில் இருத்திவிட்டு, தானே பின்னுக்குப் போனார். அந்தப் பலகையில் நான் ஒருநாளும் இருந்ததில்லை. எங்கள் போட்டில் எனக்குத் தெரியாத இடம் அது ஒன்றுதான்.

கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் தொடங்கியது. டக் டக் என்று நெஞ்சுக்குள் அடித்து, ஒன்றை விட்டு, மறுபடி அடித்தது. முதுகு முழுக்க அதிர்ந்தது. பல்லும் அதிர்ந்தது. வியர்த்தது. மூச்சை எங்கே இழுப்பதென்று தெரியவில்லை. முருங்கன் என்றால் பஸ்ஸை நிறுத்தலாம். இங்கே எதை நிறுத்துவது?

"மச்சான், திருப்பு. நெஞ்சு தட்டுது."

எஞ்சின் சத்தத்தில் மாமாவுக்கு அது கேட்கவில்லை. என் வாய் அசைவதைப் பார்த்துவிட்டு எஞ்சினை நிறுத்தினார். எஞ்சின் நின்றது. நெஞ்சுக்குள் இருந்த தட்டலும் நின்றது.

என்ன சொன்னியள் என்று மாமா கேட்டார். நெஞ்சு தட்டியது, எஞ்சின் நின்றதோடு அதுவும் விட்டுவிட்டது என்றேன். அவர் எஞ்சினின் மூடியைக் கழற்றி, தீப்பொறி கொடுக்கும் பிளக்கை எடுத்தார். அது கரி பிடித்துக் கறுத்துக் கிடந்தது. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினுக்கு இது அடிக்கடி வரும் வருத்தம். ஒரு பிளக் வேலை செய்யாமல் விட்டால் எஞ்சின் தப்பித் தப்பித்தான் அடிக்கும். பிடி என் கையில் இருந்த காலத்தில் இது காதுக்குக் கேட்க முன்னமே என் முழங்கைக்குத் தெரிந்துவிடும். பலகை வழியாக வந்தபோது அதை என் இருதயம் என்று நினைத்துவிட்டேன்.

மாமா கத்தி நுனியால் கரியைச் சுரண்டினார். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

"இதைக் கிளினிக்குக்குக் கொண்டுபோவமோ அத்தான்? டொக்டர் குளிசை தருவார்."

"விசர்க் கதை கதையாத."

"இல்லை, இனிக் கண்டுபிடிக்கிறது சுகம். தட்டுது எண்டு சொல்லுங்கோ, நான் எஞ்சினை நிப்பாட்டுறன். நிண்டா எஞ்சின், நிக்காட்டி நெஞ்சு."

இரண்டு பேரும் சிரித்தோம். அவ்வளவு சிரிப்பு எனக்கு வந்து கனகாலம். துடைத்துப் போட்ட பிளக்கோடு எஞ்சின் ஒழுங்காக ஓடியது. முதலே போட்டுவைத்த நண்டு வலையின் இடத்தைக் காட்டும் கொடிக்குப் போய்ச் சேரும்வரை, எல்லாமே பயம்தான், எனக்கு ஒன்றுமில்லை என்ற நினைப்பில் இருந்தேன். வீட்டுக்கு வந்து உங்களுக்கு அதைச் சொல்லவேண்டும் என்றுகூட வசனம் யோசித்துவிட்டேன்.

எஞ்சினை நிறுத்தி வலையைத் தூக்கத் தொடங்கினோம். மெதுவாகத்தான் இழுத்தேன். அப்போது ஒன்று தப்பியது. பிறகு இன்னொன்று. எஞ்சின் ஓடவில்லை, கடலும் அசையவில்லை. இது என்னுடையதுதான். வியர்க்கிறதா என்று முகத்தைத் துடைத்தால் முகம் முழுக்கக் கடல் தண்ணீர். மூச்சு வாங்குகிறதா என்றால், வலை இழுக்கிறவனுக்கு மூச்சு வாங்காமல் இருக்குமா? டொக்டர் சொன்னதில் ஒன்றையும் அந்த இடத்தில் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"மச்சான், தட்டுது."

மாமா எஞ்சினைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இப்ப எஞ்சின் நிக்குதே அத்தான்."

"அதுதான் சொல்லுறன்."

"அப்ப திருப்பவோ?"

பிள்ளைகளே, அவர் வாசலில் நின்று கேட்டதும் இதே கேள்விதான் என்று எனக்கு அப்போது பட்டது. திருப்பு என்றால் நான் இனி வராத ஆள். வேண்டாம் என்று சொல்லி, அது உண்மையான வருத்தமாக இருந்துவிட்டால், உங்கள் மாமா என்னை எப்படித் தனியாகக் கரை சேர்ப்பார்? வாயில் வந்ததைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியாது மச்சான். சத்தியமாத் தெரியாது."

அவர் கோபிக்கவில்லை. என் கையிலிருந்த வலையை வாங்கிக்கொண்டார்.

"தெரியாட்டித் தெரியாது. நீங்கள் இருந்து நண்டைக் கழட்டுங்கோ. கூடினால் சொல்லுங்கோ, வலையை வெட்டிப்போட்டுப் போவம்."

வலையை வெட்டிவிட்டு, அவ்வளவு காசையும் கடலில் விட்டுப் போவதென்றால் என்ன என்று கடலுக்குப் போகாதவர்களுக்கு விளங்காது. அதை அவர், தேத்தண்ணி குடிப்பமா என்பதுபோலச் சொன்னார். நான் இருந்து நண்டு கழற்றினேன். அந்த வேலைக்குக் கண் வேண்டும். கொஞ்சம் பிசகினால் விரலைக் கவ்வும். கடைசி நண்டைக் கழற்றி முடித்தபோது நெஞ்சு என்ன செய்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. எப்போது விட்டதென்றும் தெரியாது, விட்டதா என்றும் தெரியாது.

கரைக்கு வந்ததும் மாமா சொன்னார், "இனிமேல் முன்னுக்கு இருங்கோ அத்தான். அங்க எஞ்சின் அதிராது." முன்னுக்கு அலை அடிக்குமே என்றேன். "அடிக்கட்டும். அலையை நெஞ்செண்டு சொல்லமாட்டியள்தானே" என்றார். அவர் கேட்ட கேள்விக்கு மறுமொழியை நான் சொல்லாமலே எடுத்துக்கொண்டார்போலும்.

மறுபடி கடலுக்குப் போகமுன் வந்த கிளினிக்கில் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நெஞ்சில் வயர் ஒட்டி எடுத்த கடதாசியில் ஓரிடத்தைக் காட்டி, இங்கே ஒன்று தப்பியிருக்கிறது, முன்பும் இப்படித்தான் இருந்தது, கூடவில்லை என்றார். அப்படியென்றால் எஞ்சினோடு தட்டியது நெஞ்சில்லைத்தானே என்று கேட்டேன். அவர் யோசித்தார். அது தனக்கும் தெரியாது, இரண்டும் சேர்ந்தே தப்பியிருக்கவும் கூடும் என்றார். உண்மையைச் சொல்கிற டொக்டர் கிடைத்ததற்குச் சந்தோஷப்படுவதா, கவலைப்படுவதா என்று எனக்கு விளங்கவில்லை. கடலுக்குப் போகலாம், தனியப் போகக்கூடாது, பாரம் இழுக்கக்கூடாது என்றார். பயத்துக்கு வேறொரு டொக்டரைப் பார்க்கும்படி துண்டு எழுதித் தந்தார். பயமும் ஒரு வருத்தம்தான், அதற்கும் வைத்தியம் இருக்கிறது என்றார். அந்த டொக்டரின் அறைக்கு வெளியே கிடந்த வாங்குப் பலகையிலும் போய் இருந்தேன். நம் ஊரார் யாரும் காணக்கூடாதென்று முதலில் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் இருந்தவரும் குனிந்துகொண்டிருந்தார்.

எனக்கு இன்னும் எது வருத்தம், எது பயம் என்று பிரிக்கத் தெரியாது. தெரிந்த பிறகுதான் போவேன் என்று இருந்தால் ஒருநாளும் போகமாட்டேன். அதனால் வாடைக் காலத்துக்கு நான் கடலுக்குப் போகிறேன். அதை நானே உங்களுக்குச் சொல்லவேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

கிளினிக்கால் வந்த அன்று பின்னேரம், வீட்டுக்கு வரமுன் கரைப்பக்கம் போனேன். மாமா வீட்டுக்குப் போய்விட்டார். போட் மணலில் ஏற்றிக் கிடந்தது. நான் ஏறி, மாமா சொன்ன முன் இடத்தில் போய் இருந்து பார்த்தேன். இருக்க வசதியான இடமில்லை. பலகைக்குக் கீழே தண்ணீர் தேங்கி, அதில் ஒரு நண்டுக் கால் மிதந்துகொண்டிருந்தது. பாதியாக வெட்டிய கேன் ஒன்று கிடந்தது. அதை எடுத்து அந்தத் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றினேன். அடியில் கொஞ்சம் கேனுக்குள் வரவில்லை. அதைத் துணியால் ஒற்றி எடுத்து, மணலில் பிழிந்துவிட்டு இறங்கினேன்.