பம்பர் மேல் இருந்த டீ

டவுன் பஸ்ஸின் பின்சக்கரத்தை ஓர் உதை உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவர் ஏறுவார். கண்டக்டர் விசில் ஊதினாலும் சரி, உள்ளே இருப்பவர்கள் முணுமுணுத்தாலும் சரி. "ஏறினப்புறம் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?" என்பார். தெருவில் அவருக்கு 'செக்கிங்' என்று பெயர்.

வீட்டிலும் அப்படித்தான். மனைவி பூட்டிய பூட்டைத் திறந்து மறுபடி தானே பூட்டுவார். மாப்பிள்ளை போனில் "நல்லா இருக்கீங்களா மாமா?" என்று விசாரித்தால், போனை வைத்ததும் மனைவியிடம், "எதுக்குக் கேக்கறார்?" என்பார்.

பிறவியிலேயே இப்படி இல்லை. இளவயதில், சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் சரக்கு அனுப்பும் லாரி கம்பெனி ஒன்றில் டிரைவர். ஒரு வண்டிக்கு இரண்டு பேர். அவர் ஓட்டினால் கூட்டாளி தூங்குவார். கூட்டாளி ஓட்டினால் அவர். ஒரே போர்வை. இன்னொருவன் கையில் உயிரைக் கொடுத்துவிட்டுக் குறட்டை விடுகிற வேலை அது.

ஒரு மத்தியானம் வழியில் ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினார்கள். முகம் கழுவிக்கொண்டு வந்தவர், முன்பம்பர் மேல் இரண்டு கிளாஸ் டீ இருப்பதைப் பார்த்தார். ஒன்றை எடுத்துக் குடித்தார். கண் விழித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பக்கத்தில் கூட்டாளி சுருண்டு கிடந்தார். பின்னால் தார்ப்பாய் அவிழ்ந்து தொங்கியது. ஏற்றி வந்த துணிமூட்டை ஒன்றுகூட இல்லை.

முதலாளி இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். இரண்டு பேருக்கும் வேலை போயிற்று. கூட்டாளிதான் டீயில் எதையோ கலந்தான், தூங்குகிற மாதிரி நடித்தான் என்று அன்றே இவர் முடிவு கட்டிவிட்டார். அதற்கப்புறம் அவன் முகத்தில் விழிக்கவில்லை. வேறு எந்தக் கம்பெனியும் இவரை ஸ்டியரிங் பிடிக்க விடவில்லை. மரக்கடையில் காவல் காத்தே காலம் ஓடிவிட்டது.

போன வாரம் ஒரு பழைய வேனைத் தானே ஓட்டிக்கொண்டு அந்தக் கூட்டாளி வந்து இறங்கினார். தலை பஞ்சாக வெளுத்திருந்தது. மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். இருவரும் தொடவில்லை.

"மொதல்ல நீ குடி," என்றார் வந்தவர்.

இவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தான் சொல்லவேண்டிய வார்த்தையல்லவா அது?

"அன்னைக்கு டீ வாங்கி வெச்சது நீதானே?" என்று கேட்டார்.

"நானா? நான் பின்னாடி கயித்தை இறுக்கிட்டு வர்றேன், டீ இருக்கு. நீதான் வெச்சேன்னு நெனச்சேன். சாகறதுக்குள்ள உன் வாயால கேட்டுடணும்னு வந்திருக்கேன்."

"நான் மொகம் கழுவப் போயிருந்தேன்டா."

இருவரும் கண் கொட்டாமல் ஒருவரையொருவர் அளந்தார்கள். பொறுத்துப் பார்த்த மனைவி இரண்டு டம்ளர் டீயையும் ஒரு சொம்பில் கொட்டி, கலக்கி, மறுபடி ஊற்றி வைத்தார்.

"இப்பக் குடிங்க. போனா சேந்தே போங்க."

குடித்தார்கள். அப்படியானால் வைத்தது யார்? டீக்கடைக்காரர், லோடு ஏற்றிய மேஸ்திரி, பாதி வழியில் ஏறி இறங்கிய ஆள் என்று ஒவ்வொருவராக இழுத்துப் பார்த்தார்கள். கடைசியில் முதலாளியையும் விட்டுவைக்கவில்லை. ஒன்றும் பிடிபடவில்லை.

கிளம்பும்போது சந்தில் வேனைப் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. கூட்டாளிக்குக் கழுத்து திரும்பாது. இவர் செருப்புகூடப் போடாமல் இறங்கினார். ஓரமாக ஒதுங்கவில்லை, எதிர்ச் சுவருக்கும் வேனுக்கும் நடுவே, வண்டிக்கு நேர் பின்னால் போய் நின்றார். உள்ளங்கையால் பின்கதவைத் தட்டி, "வரட்டும்... வரட்டும்..." என்றார்.