காக்கை தொடாத வடாம்

ஆம்பூரில் எங்கள் வீட்டில் மிஞ்சிய சோற்றை அரைத்து வடாம் போடுவது வழக்கம். மாடியில் காயவைத்தால் காக்கை விரட்டியே கை ஓய்ந்துவிடும். அன்று சமையல் உப்பு தீர்ந்துவிட்டதால், தென்னைக்குப் போட, தோல் மண்டியில் வேலை செய்யும் கணவர் கொண்டுவந்திருந்த உப்பு மூட்டையிலிருந்து ஒரு பிடி போட்டுவிட்டேன்.

மதியம் மாடிக்குப் போனால், கைப்பிடிச் சுவர் முழுக்கக் காக்கைகள். ஒன்றுகூடக் கரையவில்லை. வடாமையே பார்த்துக்கொண்டிருந்தன.

"இன்னாக்கா, இன்னிக்கு ஒண்ணுகூட தொடல?" என்றாள் பக்கத்து மாடி நசீமா.

காலையில் போட்ட அந்த உப்பு நினைவுக்கு வந்தது. கணவருக்கு போன் செய்து சொன்னேன்.

"ஐயோ, அது மண்டியில பச்சைத்தோல்ல இருந்து உதறுன உப்பு, ரத்தமும் மருந்தும் கலந்தது! யாராவது தின்னீங்களா?"

திரும்பினேன். அரைக்காய்ச்சல் வடாம் என்றால் உயிரை விடும் என் மகள், ஒன்றை வாயருகே கொண்டுபோயிருந்தாள். தட்டிவிட்டேன். அந்தக் கணமே காக்கைகள் அத்தனையும் பறந்துபோயின.

அந்த மூட்டை இப்போது வீட்டில் இல்லை. வடாம் காயும்போது காக்கைகளை நான் விரட்டுவதும் இல்லை.