எந்தக் காலருகே பந்து?

கண்டிக்கு வெளியே ஒரு மைதானத்தில் என் மகன் கோல்ப் பழகுகிறான். "ஒசரப் போகணும்னா பந்த முன்காலுக்கு நேரா வைங்க, தாழப் போகணும்னா பின்காலுக்கு" என்றார் பயிற்றுநர். இந்த விதி எனக்கு ஏழு வயதிலேயே அத்துப்படி.

கலஹாவுக்கு மேலே, அம்மா கொழுந்து பறித்த தோட்டத்தில், துரை பங்களாவின் புல்வெளிக்குக் கீழே தேயிலை மலை. துரை அடிக்கும் பந்து கொழுந்து பறிக்கும் பெண்களைத் தாண்டிப் பறக்கும். சில வேளை தாண்டாது. வேலியோரம் நின்று, பந்து துரையின் எந்தக் காலருகே இருக்கிறது என்று பார்த்துக் கத்துவது என் பொறுப்பு. இடது கால் என்றால் உயரப் போகும், பறிக்கலாம். வலது கால் என்றால் தாழ வரும், குனிய வேண்டும். தோட்டத்தில் ஒழுங்காக நடந்த ஒரே பாதுகாப்பு நடைமுறை அதுதான்.

ஒரு காலை புதுத் துரை மட்டையோடு வந்தார்.

"எந்தக் காலுடா?" கீழிருந்து அம்மா கேட்டாள். அவள் வயிற்றில் தம்பி, ஏழு மாதம்.

"இடது காலும்மா!"

அம்மா நிமிர்ந்து பறித்தாள். பழைய துரையின் முகம் தெரியும் இடத்தில் இவருடைய முதுகு தெரிவதை அப்போதுதான் கவனித்தேன். இடக்கைக்காரர். இவருக்கு இடது கால்தான் பின்கால். மாற்றிக் கத்துவதற்குள் மட்டை இறங்கிவிட்டது.

பந்து அம்மாவின் முதுகுக் கூடையில் மோதியது. கொழுந்து சிதற, வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பந்து எங்க? தொர கேக்குறாரு" என்றார் கங்காணி.

அம்மா நெடுநேரம் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. உள்ளே தம்பி அசைந்த பிறகே கூடைக்குள் துழாவிப் பந்தை என்னிடம் நீட்டினாள்.

"குடுத்துட்டு வா. இனிமே மொதல்ல அவரு எந்தப் பக்கம் திரும்பி நிக்கிறாருன்னு சொல்லு."